சீனப் பாட்டியின் ஊர் எது? வேர் தேடும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலாயாவில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சீன மூதாதை உண்டு. சில வீடுகளில் அது கப்பலேறி வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட தாத்தா. இன்னும் பல வீடுகளில், கைக்குழந்தையாகத் தத்து வந்து, சேலை கட்டி, தமிழ் பேசி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வாழ்ந்த பாட்டி. இரண்டையும் தேடும் வழி வேறு. கீழே உள்ள பதில்களில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

தேடலை எங்கே தொடங்குவது? நேராகச் சீனாவுக்கு எழுதிக் கேட்கலாமா?

வேண்டாம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து மனம் விட்டுப் போனவர்கள்தான் அதிகம். சீனாவில் யாரைக் கேட்டாலும் இரண்டு விவரங்களைக் கேட்பார்கள்: பெயர் சீன எழுத்தில் எப்படி, பூர்வீக ஊர் எந்த மாவட்டத்தில் எந்தக் கிராமம். இந்த இரண்டும் கையில் இல்லாமல் அங்கே கதவு திறக்காது. இரண்டுமே பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்: உங்கள் வீட்டுப் பெட்டியில், பெரியம்மாவின் நினைவில், பத்து மைல் தள்ளி இருக்கும் இடுகாட்டில்.

அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். வந்தவர் எந்த வட்டார மொழி பேசினாரோ அதற்கேற்ப எழுத்து மாறியது. ஒரே குடும்பப் பெயரை ஹொக்கியன்காரரும் தியோச்சியூக்காரரும் டான் என்பார்கள், கண்டோனியர் சான் என்பார், ஹக்கா ஆள் சின் என்பார், மாண்டரினில் அது சென். நான்கும் ஒரே எழுத்து.

இதைவிடச் சிக்கலானது 'இங்' என்ற பெயர். கண்டோனியர் ஒருவர் இங் என்றால் அது மாண்டரினில் வூ. தியோச்சியூக்காரர் இங் என்றால் அது ஹுவாங். சம்பந்தமே இல்லாத இரண்டு குலங்கள். வோங் என்ற பெயரும் அப்படித்தான். ஹுவாங்காகவும் இருக்கலாம், வாங்காகவும் இருக்கலாம். ஆங்கில எழுத்தை நம்பி இணையத்தில் தேடினால் வேறு யாருடைய தாத்தாவையோ உங்கள் தாத்தாவாக்கி மரம் வரைந்துவிடுவீர்கள்.

அப்படியானால் சீன எழுத்தை எங்கே பிடிப்பது?

தாத்தா சீனர் என்றால் முதலில் கல்லறை. அடுத்து வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதமும்: பழைய புகைப்படத்தின் பின்புறம், கடைப் பலகை தெரியும் படம், சங்கச் சந்தா ரசீது, திருமணப் பத்திரம், இறந்தபோது நாளிதழில் கொடுத்த அறிவிப்பு.

தகரப் பெட்டியின் அடியில் ஓர் அஞ்சல் உறை கிடந்தால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். ஊருக்குப் பணம் அனுப்பும்போது கூடவே நாலு வரிக் கடிதமும் போகும். அதற்கு ஹொக்கியனிலும் தியோச்சியூவிலும் 'பீ' அல்லது 'புய்' என்று பெயர். அந்த உறையில் மாவட்டம், கிராமம், பெறுபவர் பெயர் எல்லாம் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். எவ்வளவு பணம் என்பதும் உறையின் மேலேயே இருக்கும். பணம் போய்ச் சேர வேண்டும் என்பதால் முகவரியில் பிழை இராது. அரசாங்கப் பத்திரம் எதையும்விட நான் இதைத்தான் நம்புவேன். இந்தக் கடிதங்களை யுனெஸ்கோ 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எங்கே போட்டோம் என்று நினைவில்லாத கட்டுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கும். எதையும் எரிக்க வேண்டாம் என்று வீட்டில் முதலில் சொல்லிவையுங்கள்.

சீனக் கல்லறைக் கல்லில் என்னென்ன இருக்கும்? எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாதே.

எழுத்து தெரிய வேண்டாம், இடம் தெரிந்தால் போதும். நடுவில் பெரிய எழுத்தில் மேலிருந்து கீழாக இறங்குவது இறந்தவரின் பெயர். நடு வரிக்கு மேலேயோ பக்கத்திலேயோ தனியாக நிற்கும் இரண்டு எழுத்து பெரும்பாலும் பூர்வீக மாவட்டம்: தோங்கான், நான்கான், யோங்சுன், தாபு என்பது போல. ஒரு பக்கம் தேதி, இன்னொரு பக்கம் கல்லை நட்ட மகன்கள், மருமகள்கள், பேரன்களின் பெயர்கள். அந்தப் பெயர் வரிசையை விட்டுவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

பெண்ணின் கல் என்றால் கணவரின் குடும்பப் பெயரோடு அவர் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் இருக்கும். சொந்தப் பெயர் சில நேரம் இருக்காது.

ஒரு கண்ணி இருக்கிறது. கல்லின் தலையில் ஜியாங்சியா, யிங்சுவான், சீஹே என்று ஏதாவது பொறித்திருந்தால் அது ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அது அந்தக் குடும்பப் பெயரின் 'மண்டபப் பெயர்'. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குலத் தோற்றத்தைச் சொல்வது. ஜியாங்சியா என்றால் ஹுவாங் குலம், யிங்சுவான் என்றால் சென், சீஹே என்றால் லின். நம்மில் ஒருவர் கோத்திரம் சொல்வது போலத்தான். அதை நம்பி அந்தப் பெயருள்ள இடத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தால் உங்களுக்கு அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.

படம் எடுக்க காலை எட்டு மணி அல்லது சாயங்காலம் நல்லது. சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். கம்பித் தூரிகை, அமிலம், சாயம் எதுவும் வேண்டாம். முழுக் கல் ஒரு படம், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் படம். பிறகு சீனம் படிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டுங்கள். இளைஞரைவிடப் பழைய எழுத்து முறை தெரிந்த பெரியவர் மேல். கைப்பேசிச் செயலிகள் நாளிதழை நன்றாகப் படிக்கும், பாசி பிடித்த கல்லில் தடுமாறும்.

கல்லில் உள்ள ஆண்டுக் கணக்கு புரியவில்லை.

பழைய கல்லில் ஆண்டைப் பேரரசர் பெயரால் குறிப்பார்கள். குவாங்சு என்றால் ஆண்டு எண்ணோடு 1874 கூட்டுங்கள்: குவாங்சு 20 என்பது 1894. மிங்குவோ, அதாவது குடியரசு ஆண்டு என்றால் 1911 கூட்டுங்கள்: மிங்குவோ 24 என்பது 1935. மாதம் சந்திர மாதம். பன்னிரண்டாம் மாதம் என்றிருந்தால் ஆங்கில நாள்காட்டியில் அடுத்த ஆண்டு சனவரி பிப்ரவரிக்குப் போயிருக்கக்கூடும்.

வயதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்தபோதே ஒரு வயது, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் இன்னொன்று. சில குடும்பங்களில் இறந்தவருக்கு மரபுப்படி மேலும் மூன்று வயது கூட்டிப் பொறிப்பதும் உண்டு. கல்லில் 73 என்றால் 68, 69 வரை கீழிறங்கித் தேடுங்கள்.

கல்லறை எங்கே என்றே தெரியாது.

சிங்கப்பூர் என்றால் புக்கிட் பிரவுனிலிருந்து தொடங்குங்கள். 1922-இல் நகராட்சி இடுகாடாகத் திறந்து 1973-இல் மூடப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் கல்லறைகள். அதன் புதைப்புப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பக்கம் பக்கமாகப் படமாக இருக்கின்றன. இறந்த ஆண்டு தெரிந்தால் தேடுவது எளிது. நெடுஞ்சாலைக்காக அங்கிருந்து 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் அகற்றப்பட்டன. மற்ற பழைய இடுகாடுகள் பலவும் தோண்டப்பட்டு, எச்சங்கள் எரிக்கப்பட்டு, சாம்பல் மண்டாய் போன்ற அஸ்தி மண்டபங்களுக்குப் போய்விட்டது.

மலேசியாவில் ஒரே பட்டியல் கிடையாது. அந்தந்த ஊர்ச் சீன இடுகாட்டை ஒரு சங்கமோ கோயிலோ நிர்வகிக்கும். அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். ஏப்ரல் 4, 5 ஒட்டி வரும் செங்பெங் வாரத்தில், அதாவது சீனர்கள் மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்கும் நாட்களில், போனால் எல்லாக் குடும்பமும் அங்கேதான் இருக்கும். கேட்டு விசாரிக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் கிடைக்குமா?

அதை நம்பி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தளத்தில் அடைந்து வந்த கூலிகளைத் தலை எண்ணிக்கையாகத்தான் பார்த்தார்கள். வந்த காலத்தைக் கணிக்க சட்டங்கள் உதவும். 1877-இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் வந்தது. சீனக் கூலிகளின் ஒப்பந்த முறை 1914-இல் ஒழிந்தது. 1930-இலிருந்து வேலைக்கு வரும் சீன ஆண்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தார்கள். பெண்களுக்கு அந்த வரம்பு 1938 வரை இல்லை. அதனால் முப்பதுகளில் கண்டோனியப் பெண்கள் ஏராளமாக வந்து இறங்கினார்கள். உங்கள் வீட்டுக் கதையில் "தனியாக வந்த பெண்" என்று ஒருவர் இருந்தால் இந்த ஆண்டுகளை முதலில் பாருங்கள்.

எந்தச் சீனர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் "சீனர்" என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

சமையலறையில் கேளுங்கள். பாட்டியோ தாத்தாவோ சாப்பிடக் கூப்பிட என்ன சொன்னார்கள்? 'சியா பெங்' மாதிரி காதில் விழுந்தால் ஹொக்கியன். 'சேக் ஃபான்' என்றால் கண்டோனியர். 'சிட் ஃபான்' என்றால் ஹக்கா. ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொல்லிப் பழகியவர் யாராவது இருந்தால், 'யாட், யீ, சாம்' கண்டோனியம், 'சிட், நோ, சா' ஹொக்கியன். திட்டும் வார்த்தைகள் இன்னும் நல்ல சாட்சி. எழுபது வயதுக்காரர்கூட மறந்திருக்க மாட்டார்.

தொழிலும் ஊரும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். காப்பிக்கடை, வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல் என்றால் ஹைனானியர். ஈப்போ, கோலாலம்பூர் ஈயச் சுரங்கம் என்றால் கண்டோனியர் அல்லது ஹக்கா. சித்தியவான் என்றால் 1903-இல் மெதடிஸ்ட் சபையோடு வந்திறங்கிய ஃபூச்சோவ்காரர்கள். பெந்தோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் என்றால் குவாங்சி மாநிலத்தவர். இவை ஊகம்தான், ஆனால் எந்தச் சங்கத்தின் படியேறுவது என்று முடிவு செய்யப் போதும்.

எங்கள் பாட்டி தத்து வந்தவர். அவருக்கு என்ன பத்திரம் இருக்கும்?

பல பேருக்கு ஒன்றுமே இருக்காது என்ற மனநிலையோடு தொடங்குங்கள். சிங்கப்பூரில் தத்தெடுப்புச் சட்டம் 1939-இல் வந்தது. மலாயாக் கூட்டரசில் 1952-இல் இரண்டு சட்டங்கள் வந்தன: ஒன்று நீதிமன்றம் வழியாக, மற்றொன்று ஏற்கெனவே வளர்த்து வரும் பிள்ளையைப் பதிவு செய்ய. அதற்கு முன்னால் மருத்துவச்சி, மளிகைக் கடைக்காரர், லயத்துப் பக்கத்து வீட்டார் யாராவது நடுவில் நின்று கைமாற்றிவிட்டது தான். சில பிள்ளைகளின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) வளர்த்த தமிழ் அப்பாவின் பெயரே பெற்றவர் இடத்தில் இருக்கும். அதைக் கண்டு "தத்து என்பது கட்டுக்கதை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

பத்திரத்தில் பதிவு எண், பதிந்த தேதி, பதிந்த இடம் மூன்றையும் பாருங்கள். பிறந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தால் பிற்காலப் பதிவு. பதிந்த இடம் வீட்டுக்குத் தூரமான ஊர் என்றால் அங்கேதான் பெற்றவர்கள் இருந்திருக்கலாம். அடையாள அட்டைகள் 1948-இல், கம்யூனிஸ்டுப் போராளிகளை எதிர்த்து மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தோடு வந்தவை. காட்டோரச் சீனக் குடும்பங்களை 1950-க்குப் பிறகு புதுக்கிராமங்கள் என்ற வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். பாட்டி அதற்கு முன்னால் தத்து வந்தவர் என்றால், பெற்ற குடும்பம் இன்று பக்கத்தில் உள்ள புதுக்கிராமத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்தைச் சுற்றி எந்தெந்தப் புதுக்கிராமம் என்று குறித்துக்கொண்டு அங்குள்ள கோயில் பெரியவர்களை விசாரியுங்கள்.

மணப் பத்திரம் இல்லையே என்று கவலை வேண்டாம். 1982 மார்ச்சுக்கு முன்னால் மலேசியாவில் சடங்குத் திருமணம் பதியாமலே செல்லும்.

ஏன் கொடுத்தார்கள்?

வறுமை முதல் காரணம். வேண்டிய ஆண்பிள்ளை வராமல் வரிசையாகப் பெண் பிறந்தது இன்னொன்று. சாதகம் சரியில்லை, பெற்றோருக்கு ஆகாது என்று சோதிடர் சொன்னதும் உண்டு. புலி ஆண்டில் பிறந்த பெண்ணைப் பல வீடுகள் அஞ்சின. 1926, 1938, 1950 புலி ஆண்டுகள். பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாமல் "புலி வருஷத்துப் பிள்ளை" என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த எண்கள் உதவும். 1942-க்குப் பிறகு, ஜப்பானியர் காலத்தில், ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டு அரிசி இல்லாமல் போனபோது கொடுத்தவர்களும் உண்டு.

தமிழ் வீடுகள் ஏன் வாங்கின என்பதைச் சொல்வாரில்லை. பிள்ளை இல்லாத வீடு, பெண் குழந்தை வேண்டும் என்ற ஆசை, பெண்பிள்ளையைக் கொடுக்க முன்வந்தவர் பக்கத்திலேயே இருந்தது. அவ்வளவுதான். இதற்குப் பெரிய தத்துவம் கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாட்டி உயிரோடு இருக்கிறார். ஆனால் பேச மறுக்கிறார்.

விட்டுவிடுங்கள். "என்னைப் பெற்றவள் விட்டாள், அம்மாவும் அப்பாவும் வளர்த்தார்கள், நான் தமிழச்சி" என்று எண்பது வயதில் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் துருவ யாருக்கும் உரிமை இல்லை. கேள்விக்குப் பதிலாகப் பழைய படங்களைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஊர்ப் பெயர், கடைப் பெயர், யாரோ பண்டிகைக்குப் பலகாரம் கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன சீனப் பெண்மணி என்று தானாக வந்தால் வரட்டும். அந்தப் பெண்மணியின் வரவு பல குடும்பக் கதைகளில் உண்டு. யார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மரபணுச் சோதனை செய்தால் ஊர் தெரிந்துவிடுமா?

ஊர் தெரியாது. ஆனால் தத்து வந்தவர்களின் குடும்பத்துக்கு இதுதான் ஒரே உறுதியான வழி. சீன எழுத்து கையில் இருக்கும் தாத்தா வழித் தேடலுக்கு இதைக் கடைசியில் வைக்கலாம். தத்து என்றால் முதலில் செய்யுங்கள். அதுவும் வீட்டிலேயே மூத்தவருக்கு: பாட்டி இருந்தால் பாட்டிக்கு, அவர் சம்மதத்தோடு. இல்லையென்றால் அவர் பெற்ற பிள்ளைகளுக்கு. பாட்டியிடமிருந்து வரும் சீன மரபணு மகனுக்கோ மகளுக்கோ பாதி, பேரனுக்குச் சுமார் 25 விழுக்காடு, கொள்ளுப்பேரனுக்கு 12.5 விழுக்காடு என்று குறைந்துகொண்டே போகும்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு மாறும். அத்தை மகள், மாமன் மகன் கட்டியிருந்து, அப்பா அம்மா இருவருமே அதே சீனப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்றால் உங்களுக்கு 12.5 வராது, 25 வரும். முடிவைப் பார்த்துவிட்டு "சீனர் இருவர் இருந்திருக்க வேண்டும்" என்று புதுப் பாட்டியைத் தேடிப் போகாதீர்கள். முதலில் திருமண முறைகளைக் குடும்ப மரத்தில் சரியாக வரையுங்கள்.

விழுக்காட்டு வரைபடத்தைவிட முக்கியமானது பொருத்தப் பட்டியல். ஈப்போவிலோ மெல்பர்னிலோ இருக்கும் ஒரு சீன உறவினர் அதே நிறுவனத்தில் சோதித்திருந்தால் பெயர் வரும். தாய்வழிச் சோதனை, அம்மாவின் அம்மாவின் அம்மா என்று பெண் வழியாகவே இறங்கினால்தான் பயன்படும். அப்பாவின் அம்மா சீனர் என்றால் உங்களிடம் அது இருக்காது, அப்பாவிடம் இருக்கும்.

குலச் சங்கங்கள் தமிழர்களுக்கு உதவுமா? குலப் பதிவேடு என்கிறார்களே?

நடத்தும் விதத்தைப் பொறுத்தது. சங்கம் இரண்டு வகை: ஒரே குடும்பப் பெயருக்கானது, ஒரே ஊருக்கானது. பினாங்கில் கூ, சியா, இயோ, லிம், டான் குலங்களின் மண்டபங்கள் பெயர் பெற்றவை. சிங்கப்பூரில் ஹக்கா சங்கமான யிங் ஃபோ ஃபூய் குன் 1822-லேயே தொடங்கியது. சீன எழுத்தில் பெயரும் மாவட்டமும் அச்சடித்த ஒரு தாளோடு, சீனம் பேசும் நண்பரோடு போங்கள். பழைய செயலாளர் ஒருவர் தேநீர் ஊற்றிக்கொண்டே மூன்று தொலைபேசி அழைப்பில் முடிப்பதை இணையத்தில் மூன்று மாதத்தில் முடிக்க முடியாது.

குலப் பதிவேடு, 'ஜூபூ', ஒரு குலத்தின் ஆண்வழிப் பட்டியல். பண்பாட்டுப் புரட்சியில் (1966–76) ஏராளமாக எரிந்தன, தப்பியவை நிறைய. ஷாங்காய் நூலகத்தில் மிகப் பெரிய தொகுப்பு உள்ளது. அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த ஃபேமிலிசர்ச் தளத்தில் பலவற்றைப் படமாகவே பார்க்கலாம். குடும்பப் பெயரும் மாவட்டமும் கொடுத்துத் தேடுங்கள். ஒரு தலைமுறை ஆண்கள் எல்லாருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும்; அண்ணன் தம்பி பெயர்களில் அதைப் பிடித்தால் எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும். ஓர் ஆளுக்குப் பள்ளிப் பெயர், மணப் பெயர் என்று பல உண்டு. அட்டையில் உள்ள பெயர் அங்கே இல்லை என்றால் உடனே கைவிட வேண்டாம்.

தத்துப் போன பெண்ணைப் பழைய ஜூபூவில் தேட வேண்டாம். மகள்களையே எழுதாத ஏடுகள் அவை.

தமிழ்நாட்டிலேயே சீன மூதாதை இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் பகுதி) நீலகிரிச் சிறைக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர் விடுதலைக்குப் பிறகு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சிறைத்துறைக் கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

கிராமம் தெரிந்துவிட்டது. போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பெயர் இன்றும் அதுதானா என்று பாருங்கள். பழைய காகிதத்தில் சின்னிங் அல்லது சன்னிங் என்றிருக்கும் மாவட்டம் 1914-லிருந்து தைஷான். தோங்கான் ஒரு காலத்தில் பெரிய மாவட்டம், இன்று சியாமென் நகரின் ஒரு பகுதி. மாவட்ட அளவில் வெளிநாட்டுச் சீனர் விவகாரங்களுக்கான அலுவலகம் இருக்கும்; முன்கூட்டி எழுதினால் கிராமத்துப் பெரியவரிடம் சேர்ப்பார்கள். கடிதத்தோடு கல்லறைப் படம், மகன்கள் பேரன்களின் சீனப் பெயர்கள், உங்கள் குடும்பப் படம் ஒன்று வையுங்கள்.

கறுத்த முகத்தோடு போய் "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்றால் என்ன நினைப்பார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். ஃபுஜியான், குவாங்டாங் கரையோரக் கிராமங்களுக்கு நன்யாங்கிலிருந்து, அதாவது தென்கிழக்காசியாவிலிருந்து, உறவு திரும்பி வருவது புதிதல்ல. கையில் படமும் பெயரும் இருந்தால் கேள்வி நிறத்தைப் பற்றி இராது, "எந்த மகனின் வழி?" என்றுதான் வரும். மூதாதையர் மண்டபத்தில் ஊதுவத்தி கொளுத்தச் சொன்னால் கொளுத்துங்கள். மண்டபச் சீரமைப்புக்குச் சிவப்பு உறையில் ஏதாவது வைப்பது வழக்கம்.

காசு கொடுத்து ஆள் வைத்துத் தேடலாமா?

சீன எழுத்தில் பெயரும் மாவட்டமும் கிடைத்த பிறகு என்றால் சரி. அதற்கு முன்னால் காசு வாங்கிக்கொண்டு "கண்டுபிடித்துத் தருகிறேன்" என்பவர், நீங்களே கல்லறையில் இலவசமாகப் படித்திருக்கக்கூடியதை விற்பவர். மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைக் காட்டாத யாருக்கும் இரண்டாம் தவணை கொடுக்க வேண்டாம்.